மூக்குரேகை

செப்டம்பர் 3

இன்றும் இரண்டு கிண்ணம் தவிடு திருடினேன். மித்சுயோ சத்தமில்லாமல் தின்றாள். நல்ல கூட்டாளி. காட்டிக்கொடுக்க வாய் கிடையாது.

எங்கள் தொழுவத்தில் சிவப்புக் கிடாரி இவள் ஒருத்திதான். நவம்பரில் பதிவுச் சங்கத்து ஆள் வந்து அளந்து மதிப்பெண் போடுவார். எண்பத்திரண்டு வந்தால் கன்று ஈனும் மாடாக இங்கேயே இருப்பாள். வராவிட்டால் கொழுக்கவைக்கும் கொட்டகைக்கு. அங்கிருந்து யார் தட்டுக்கோ. அப்புறம் அப்பா சிவப்பையே விட்டுவிட்டுக் கருப்பு மாடு வாங்குவாராம்.

சித்தப்பா போன வருடமே கருப்புக்கு மாறிவிட்டார். இன்றும் வந்து ஆரம்பித்தார். "அண்ணே, கறியில கொழுப்பு பூப்பூவா ஓடணும். அதுக்குத்தான் சந்தையில மதிப்பு. உன் செவப்பு, புல்லத் தின்னுட்டு மலைய வேடிக்கை பாக்குது."

"பாக்கட்டும். நல்ல மலைதானே" என்றார் அப்பா.

சித்தப்பாவின் கருப்புக் கிடாரி குண்டாக, பளபளவென்று இருக்கிறது. மித்சுயோவையும் அப்படி ஆக்கிவிட்டால் மதிப்பெண் தானாக வரும். என் மூளையே மூளை.

செப்டம்பர் 17

செத்தேன்.

வேளாண் பள்ளியில் இன்று கிடாரி பார்க்கும் பாடம். டீச்சர் ஒரு குண்டுக் கிடாரியின் வாலடியைக் கிள்ளிக் காட்டினார். "இங்க கொழுப்பு கட்டிகட்டியா நின்னா அது அழகில்லம்மா. சினை பிடிக்காது. மார்க்கும் போச்சு."

வீட்டுக்கு ஓடிவந்து மித்சுயோவின் வாலடியைக் கிள்ளினேன். கை நிறைய வந்தது.

அப்படியென்றால் அவளைக் கொட்டகைக்கு அனுப்புவது யார்? நானா? அப்பாவிடம் சொல்லிவிடலாம். ஐயோ, எப்படிச் சொல்வது! திட்டினால்கூடப் பரவாயில்லை. அப்பா பேசாமல் இருப்பார். போன வருடம் தொழுவக் கதவைத் திறந்துபோட்டதற்கு ஒன்பது நாள் பேசவில்லை.

செப்டம்பர் 18

தவிடு நிறுத்தம். மித்சுயோ என் பள்ளிச் சட்டையைத் தின்னப் பார்த்தாள்.

செப்டம்பர் 20

விடிந்ததும் அவளைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு புல்மலைக்கு நடந்தேன். திரும்பும்போது வாசலில் அப்பா.

"எங்க போயிட்டு வர்றீங்க ரெண்டு பேரும்?"

"ஸ்கூல் வீட்டுப்பாடம்ப்பா. மாட்ட நடக்கவைக்கணும்."

"எத்தனை நாளைக்கு?"

"நவம்பர் வரைக்கும்."

"பெரிய பாடந்தான்."

செப்டம்பர் 27

எங்கள் மலை எரிமலை; நேற்று சாம்பல் கக்கியது. துணி, கூரை, தொட்டி எல்லாம் சாம்பல்.

தவிட்டுக் காகிதச் சாக்கைத் தீவன அறைக்குப் பின்னால்தான் ஒளித்து வைத்திருந்தேன். நான் கயிற்றை முடிச்சுப் போடுவதற்குள் மித்சுயோ நேராக அங்கே போய்விட்டாள். அவள் முகர்ந்த இடத்தில், சாக்குமேல் படிந்திருந்த சாம்பலில், ஈர மூக்கு அச்சு. ஒவ்வொரு வரியும் தெளிவு.

துடைப்பதற்குள் அப்பா வந்துவிட்டார். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"எலி வந்திருக்கு" என்றார். "கொஞ்சம் பெரிய எலி."

சாக்கிலிருந்து அந்த இடத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு போனார்.

கன்றாக இருக்கும்போதே மூக்கில் மை தடவி அட்டையில் ஒற்றி எடுத்துவிடுவார்கள். ஒரு மாட்டின் மூக்குவரி இன்னொன்றுக்கு வராது. அந்த அட்டை அப்பாவின் இழுப்பறையில் இருக்கிறது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். இரண்டு பேரும் மாட்டினோம்.

அக்டோபர் 12

பதினைந்து நாளாக அப்பா எதுவும் கேட்கவில்லை. ஆனால் பேசுகிறார். அதுதான் இன்னும் பயம்.

இன்று சாப்பாட்டில் சித்தப்பாவும் இருந்தார். கடுகுக்கீரை ஊறுகாயை மென்றுகொண்டே அப்பா சொன்னார்: "அந்த எலி இப்ப எளைச்சிருக்கு."

எனக்குச் சூப் மூக்கில் ஏறியது.

"விஷம் வையிண்ணே" என்றார் சித்தப்பா.

"வேணாம். பாக்கலாம்."

நவம்பர் 18

நாளை. வாலடியை ஐந்து முறை கிள்ளிப் பார்த்துவிட்டேன். மித்சுயோ நிம்மதியாக அசைபோடுகிறாள்.

நவம்பர் 19

பதிவுச் சங்கத்து ஹிராகவா ஐயா அளவுகோலோடு வந்தார். உயரம், மார்பு, இடுப்பு. மடியைக் குனிந்து பார்த்தார். பிறகு வாலடியைக் கிள்ளினார்.

"ம்... கொஞ்சம் சதை இருக்கே."

சித்தப்பா இருமினார். அந்த இருமலை நான் மறக்கமாட்டேன்.

"நடத்திக் காட்டும்மா."

கயிற்றைப் பிடித்தேன். மித்சுயோ ராணி மாதிரி நான்கு அடி வைத்தாள். அப்புறம் என்னையும் இழுத்துக்கொண்டு நேராகத் தீவன அறைக்குப் பின்னால்! ஹிராகவா ஐயா, அப்பா, சித்தப்பா, எல்லாரும் பின்னாலேயே. அவள் வெறும் தரையை நக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். அப்பாவும் என்னைப் பார்த்தார்.

ஹிராகவா ஐயா மட்டும் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன நடை! குளம்பு கச்சிதம். முதுகு வளையல. யாருய்யா இப்படி நடக்கவச்சது?"

"எலிதான்" என்றார் அப்பா.

எண்பத்திரண்டு புள்ளி ஒன்று.

"புள்ளி ஒண்ணா!" என்று சித்தப்பா தலையில் கைவைத்தார். நான் மித்சுயோவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். நல்லவேளை, அவள் கழுத்து அகலம்.

நவம்பர் 22

பதிவுக் காகிதங்களை இழுப்பறையில் வைக்கச் சொன்னார் அப்பா. மித்சுயோவின் கன்று அட்டைக்குப் பக்கத்தில் அந்தச் சாக்குத் துண்டு, ஒரு நோட்டில் ஒட்டியிருந்தது. கீழே அப்பாவின் கையெழுத்து:

"திருடி 1: மித்சுயோ. திருடி 2:"

அதற்கெதிரே வெற்றுக் கட்டம்.

திரும்பினால், அப்பா மைப்பெட்டியோடு நிற்கிறார். "ஆடாத. மாடே ஆடாம நின்னுச்சு."

என் மூக்கை நோட்டில் ஒற்றி முடிக்கும்போது சித்தப்பா உள்ளே வந்தார். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "அண்ணே! கடைசியில உன் வீட்டுக்கும் ஒரு கருப்பு வந்துடுச்சா!"

இரண்டு முறை சோப்பு போட்டாயிற்று. மை போகவில்லை. நாளை பள்ளி. விடிந்ததும் நடை.