பலாவோடு சேர்த்துக் கட்டிய தெங்கு

உங்கள் பெட்டியை நேற்று திருவனந்தபுரத்திலிருந்து உங்கள் கூட்டாளி ஒருவர் பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். இரண்டு வேட்டி, சவரக் கத்தி, சட்டக் கல்லூரிப் புத்தகங்கள் ஐந்தாறு. சிவப்பு அட்டை போட்ட தடித்த புத்தகத்தின் நடுவில், பக்கம் தெரிவதற்காக ஒரு சாண் கயிறு வைத்திருக்கிறீர்கள். எடுத்து மோந்து பார்த்தேன். ஊறின தேங்காய்க் கதம்பை நாரின் நாற்றம் இன்னும் போகவில்லை. நான் நாலாம் கிளாசோடு நின்றவள், அந்த இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. ஆனால் அது எந்தக் கயிறு என்று தெரியும்.

காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய் முப்பத்தாறு நாளாகிறது. இத்தனை நாளும் நான் பாயை விட்டு எழும்பவில்லை என்றே சொல்லலாம்.

பள்ளிக்கூடத்து வேலையை விட்டுவிட்டு, முப்பது வயதுக்கு மேல் வக்கீலுக்குப் படிக்கப் போனீர்கள். சனிக்கிழமை பஸ் இறங்கி வந்ததும் பாடம் ஒப்பிக்க உங்களுக்கு ஆள் வேண்டும். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தாலும் விடமாட்டீர்கள்.

"டார்ட்டுன்னா என்ன, சொல்லு பாப்பம்."

"படிக்கது நீங்களா நானா? மீனு கெட்டுப் போவும்."

"களவு, கொலைன்னா சர்க்காரு பிடிச்சு ஜெயில்ல போடும். இது அதில்லட்டி. ஒருத்தன் அசட்டையா இருந்து அடுத்தவனுக்குக் கெடுதி வந்துட்டுன்னா, அவன்தான் அதைச் சரியாக்கிக் குடுக்கணும்."

ஒருநாள் நாய் வழக்கு சொன்னீர்கள். ஒருத்தனுடைய நாய் இன்னொருத்தனைக் கடித்துவிட்டது, நாய்க்காரன் பதில் சொல்ல வேண்டுமா என்று கேட்டீர்கள். "அது முன்ன யாரையாவது கடிச்ச நாயா?" என்றேன். துள்ளி எழும்பிவிட்டீர்கள்.

"இதைத்தான் எங்க சாரு ரெண்டு நாளு பாடமெடுத்தாரு! நீ மீனு கழுவிக்கிட்டே சொல்லிட்டியே. ஆமா, அதுதான் காரியம். தெரிஞ்ச பெறவு சும்மா இருக்கப்பிடாது."

அந்தப் பேச்சுதான் நம் தெங்குக்கு வினையாக வந்தது. நம் மகளின் ஞானஸ்நானத்தன்று நீங்கள் நட்ட தென்னைமரம். அவள் பதினோரு மாதம்தான் உயிரோடு இருந்தாள். மரம் வளர்ந்தது. வளர வளரச் சாய்ந்து, பக்கத்து வீட்டுத் தங்கம் மைனியின் அடுக்களைக்கு மேலே போய் நின்றது. அந்த வாரம் ஒரு நெற்றுத் தேங்காய் விழுந்து, கூரையைப் பொத்துக்கொண்டு அவளுடைய குழம்புச் சட்டியை உடைத்திருந்தது.

புதுச் சட்டியோடு போய் வேலியருகே நின்றீர்கள்.

"மைனி, இந்த மரத்தால ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாங்கதான் பதில் சொல்லணும்."

"மண்டையில விழுந்தா நான் எங்கிருந்து சாரே பதில் கேக்க? சட்டியில விழுந்தா தொவையலுக்கு ஆச்சு. போவும், போய்ப் படியும்."

அவள் சிரித்தாள். நீங்கள் சிரிக்கவில்லை. வீட்டுக்குள் வந்து, "வெட்டிரணும்" என்றீர்கள்.

"பிள்ளை நெனப்புக்குன்னு எனக்கு வேற என்ன இருக்கு?" என்று கேட்டேன். குழந்தையின் பேச்சை நாம் எடுத்து வருஷங்கள் ஆகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பஸ்ஸுக்குக் கிளம்பியபோது நான் வாசலுக்கு வரவும் இல்லை. நான் கட்டிவைத்த சோற்றை நீங்கள் எடுக்கவில்லை, மேஜைமேலேயே இருந்தது. அந்த வாரம் முழுக்க, எந்நேரம் கோடாலிக்காரன் வந்து நிற்பானோ என்று இருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை தோளில் புத்தகம் இல்லை, பெரிய வடம் ஒன்று. கூடவே தெங்கேறும் பொன்னையன். உங்கள் கழுத்தெல்லாம் கயிறு உரசிச் சிவந்திருந்தது.

"மரத்தை வெட்டணும்னு புஸ்தகத்துல இல்லட்டி. வேண்டிய கவனம் எடுக்கணும்னுதான் கெடக்கு. நான்தான் அரைகுறையா படிச்சிட்டேன்."

பொன்னையன் ஏறி நெற்றையும் காய்ந்த மட்டையையும் இறக்கினார். சாய்ந்த தெங்கை நம் பலாமரத்தோடு இழுத்துக் கட்டினீர்கள். மிஞ்சின நுனியில் ஒரு சாண் அறுத்துச் சட்டைப் பையில் போட்டீர்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு ராச்சோறு உண்ணும்போது, "பரீட்சையில இது வந்தா நல்லா எழுதுவேன்" என்றீர்கள். அந்தப் பாடத்தில் ஜெயித்தீர்கள். கடைசிப் பரீட்சைக்குத்தான் இருக்கவில்லை.

இன்று காலையில் அந்தச் சாண் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, முப்பத்தாறு நாளில் முதன்முதலாக மரத்தை அண்ணாந்து பார்த்தேன். ஆனிக் காற்று. வடம் பலாவில் உரசும் இடத்தில் ஒரு புரி அற்றுத் தொங்கியது. கீழே மைனி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். ஊரில் வேறு யாருக்கும் அது தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது. இனி எப்படிப் படுத்திருக்க?

மைனியை வெளியே கூப்பிட்டு நிறுத்திவிட்டுப் பொன்னையனுக்கு ஆள் அனுப்பினேன். குளித்தேன். புது வடம் வந்தது. ஒரு முனையை அவள் பிடித்தாள், ஒரு முனையை நான் பிடித்தேன்.

"ஒரு மாசமா நான் கூப்பிட்டேனே, எந்திரிச்சியா? ஒரு கயிறு கூப்பிட்டா வாற!" என்று ஏசினாள். ஏசிக்கொண்டே அழுதாள். பிறகு கஞ்சி கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

பழைய வடத்தை எறியவில்லை. உங்கள் பெட்டியில் சுருட்டி வைத்திருக்கிறேன். நீங்கள் அறுத்த சாண் கயிறு அந்தப் பக்கத்திலேயே இருக்கட்டும். பொன்னையன் போட்ட முடிச்சு இறுகியிருக்கிறதா என்று, நீங்கள் செய்கிற மாதிரி, நானே தொங்கி இழுத்துப் பார்த்தேன். உள்ளங்கை இரண்டும் உரிந்துபோயின. இதை எழுதும்போதும் எரிகிறது. ஆடிக் காற்று வருவதற்குள் இன்னொரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும்.