தலைப்பொங்கலுக்குப் போட்ட கட்டிகள்

30-12-61, சனி

பனி. எட்டு மணிவரை எதிர்வீட்டு வேம்பு தெரியவில்லை. அரையாண்டுத் தாள் இன்னும் அறுபத்திரண்டு. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அசோகரைக் கலிங்க நாட்டு மருமகன் ஆக்கியிருக்கிறாள். துணிச்சலுக்காக அரை மார்க்.

வண்டிக்காரர் செம்மண் இரண்டு மூட்டை இறக்கிவிட்டுப் போனார். தொழுவத்தில் சாக்குப் போட்டு மூடியாயிற்று. அடுப்பாக வைக்கும் பொங்கல்கட்டி மூன்றையும் நாளை மறுநாள் போட்டால் சரியாக இருக்கும். பானையின் பாரம் தாங்கக் கட்டி பத்து வெயிலாவது காய வேண்டும். இந்தப் பனிக்கு இன்னும் இரண்டு.

செங்கோட்டையிலிருந்து, தம்பி மருமகள் வசந்தாவின் அப்பா கடிதம். மகளுக்குத் தலைப்பொங்கல் அல்லவா, சீரோடு இரண்டு பேரும் வருகிறார்களாம். பித்தளைப் பானை, கரும்பு, மஞ்சள்குலை, சேனை, ஏத்தன் வாழைக்குலை. தம்பி பெண்சாதி ராஜம் மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். வாசித்தது நான்.

சாயங்காலம் தம்பி என் அறை வாசலில் வந்து நின்றான். பிடரியைச் சொறிந்தான். சின்ன வயதிலிருந்தே ஏதாவது கேட்க வந்தால் பிடரிதான்.

"அக்கா, இந்த வருசம் கட்டிய வசந்தா போடட்டுமா? ஆசப்படுதா."

"போடட்டும்."

"அப்புறம்... தலப்பொங்கல்லா. அவ அப்பா அம்மாவும் நிப்பாவ. பானையில மொத அரிசியும் அவளே..."

"அதுக்கென்ன."

அவன் போனபின் ஒரே தாளை நான்கு முறை கூட்டிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு மார்க்.

31-12-61, ஞாயிறு

பனி குறைவு. தலை குளித்தேன்.

அம்மா கடைசியாகப் படுத்திருந்த பொங்கலன்று ராஜத்தையும் என்னையும் கட்டிலருகே கூப்பிட்டுச் சொன்னது இன்றைக்கும் காதில்: "ஏட்டி ராஜம், வீடு உன்னோடது, சாவி உன்னோடது. பானையில மொத அரிசி மட்டும் இவ கையால விழட்டும். இவளுக்குன்னு வேற அடுப்பு இல்லைல்லா."

ஒன்பது பொங்கல். ராஜம் ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. பால் பொங்கி வழியும், எல்லோரும் குலவை போடுவார்கள், நான் மூன்று கை அரிசி போடுவேன். அந்த நேரம் மட்டும் வீடே என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளும் நான் டீச்சர்.

தம்பி மகன் சங்கரன் கல்யாணமாகி வசந்தா வந்து மூன்று மாதம். (இனி வ. முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை.) இதற்குள் மாறியவை:

தம்பிக்குக் காலையில் பேப்பர் வாசிப்பது. முன்பு நான்.

ராஜத்தின் முழங்காலுக்குத் தைலம். முன்பு நான். சரி, அது போகட்டும்.

பட்டம். "எங்க வீட்டுக்கு ஒரு பி.ஏ. வந்திருக்கு" என்று ராஜம் பக்கத்து வீட்டில் சொன்னாளாம். இருபது வருஷமாக இந்த வீட்டில் இருந்தது என்னவாம்?

பூ. சங்கரன் மில் ஆபீஸிலிருந்து வரும்போது அவன் அம்மாவுக்கும் எனக்குமாக இரண்டு துண்டு வாங்குவான். இப்போது மூன்று துண்டு. என்னுடையதை முழங்கையிலிருந்து வைத்து அளந்தேன். மணிக்கட்டோடு நின்றுவிட்டது. நாற்பத்து நான்கு வயது. பி.ஏ., எல்.டி. பூவை அளக்கிறேன்.

1-1-62, திங்கள்

வெயில் நன்று. ஊறுகாய் ஜாடியை வெயிலில் வைத்தாயிற்று.

பதினோரு மணிக்கு வ. வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகி, வேலைக்குத் தயாராக.

"பெரியத்தை, கட்டிக்கு மண்ணு எங்கன எடுக்கணும்? எங்க ஊர்ல வீட்டுக்குப் பின்னாலயே வெட்டிக்கிடுவோம்."

செங்கோட்டையில் வீட்டுக்குப் பின்னால் இருப்பது செம்மண். இங்கே எங்கே வெட்டினாலும் கரிசல். நனைந்தால் அல்வா, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிப்பு. கரிசலில் அடுப்புக் கட்டி போடக் கூடாது என்பது இங்கே மண்ணைத் தொட்ட எவருக்கும் தெரியும். ராஜம் தூத்துக்குடிக்காரி. இந்த வீட்டில் கட்டி போட்டது அம்மா, அப்புறம் நான். ராஜம் ஒரு நாளும் மண்ணைத் தொட்டதில்லை.

தொழுவத்தில் இரண்டு மூட்டை இருக்கிறது என்று சொல்ல வாய் திறந்தேன். வந்தது:

"நம்ம ஊர்ல மண்ணுக்கா பஞ்சம்?"

பொய் இல்லை. வார்த்தைக்கு வார்த்தை சரி. பின்பக்கத்து மண்ணையே வெட்டினாள். உமி சேர்த்து மிதித்தாள். மூன்று கட்டியையும் மாடியில் பிடித்து வைத்தாள். கறுகறுவென்று, வழவழவென்று, பார்க்க அழகு. மூட்டுவலியால் ராஜம் மாடி ஏற மாட்டாள். தம்பி கடைக்குப் போனால் இருட்டித்தான் வருவான். மண்ணைத் தொட்டறியாத சங்கரன் ஏறிப் பார்த்தான். "அத்தை போடுததைவிட உன் கட்டி பளபளன்னு இருக்கே!" கீழே என் காதில் விழுகிறமாதிரி.

2-1-62, செவ்வாய்

நாளை பள்ளி திறப்பு. மண்மூட்டை ஒன்றைக் குதிரைவண்டியில் ஏற்றினேன். ராஜம் கேட்டதற்கு "பள்ளித் தோட்டத்துக்கு" என்றேன். பொய் இல்லை என்று இதற்குச் சொல்ல முடியாது.

போனது தையல் டீச்சர் ஞானம் வீட்டுக்கு. அவள் கொல்லையில் உட்கார்ந்து மூன்று கட்டி பிடித்தேன். ஞானம் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள்.

"நான் சர்ச்சுக்குப் போறவ. என் கொல்லையில உங்க பொங்கக்கட்டி காயுது. பாதிரி ஐயர் பாத்தார்னா எனக்குத்தான் பிரசங்கம். ஏன், உங்க வீட்ல வெயில் அடிக்கலையா டீச்சர்?"

"அங்கன இடம் இல்ல."

"மொட்டமாடில இடம் இல்லையாக்கும்!"

காப்பி கொடுத்தாள், சர்க்கரை அதிகம்.

நினைத்தது இதுதான், மறைக்க இங்கே யார் இருக்கிறார்கள்: பொங்கலன்று அவள் கட்டி நொறுங்கும். எல்லோரும் திகைப்பார்கள். நான் என்னுடையதைக் கொண்டுவந்து வைப்பேன். "அக்கா இல்லேன்னா என்ன ஆயிருக்கும்" என்று தம்பி சொல்வான். அரிசி யார் போடுவது என்று அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள்.

சேலைக் கரையில் செம்மண். சோப்புப் போட்டும் போகவில்லை. அப்படியே கொடியில் போட்டேன்.

4-1-62, வியாழன்

பள்ளி. சுவரெல்லாம் தேர்தல் எழுத்து. எங்கள் காம்பவுண்டுச் சுவரையும் விடவில்லை.

அடுத்த மாதம் எட்டு கிரகம் ஒன்றாகக் கூடுகிறதாம், உலகம் அழியுமாம். ராஜம் மெய்யாகவே பயந்து போயிருக்கிறாள். "மதினி, நீங்க படிச்சவிய, சொல்லுங்க, அழியுமா?" அழியாது என்றேன். உலகம் அழிய ஒரு மாதம் இருக்கும்போது நான் யோசித்துக்கொண்டிருப்பது மூன்று கை அரிசியை.

6-1-62, சனி

"பெரியத்தை, கொஞ்சம் மேல வாருங்க."

வெடித்திருக்கிறது. மூன்றிலும். மயிரிழைதான், ஆனால் உச்சியிலிருந்து அடிவரை.

"வெயில் ஜாஸ்தியோ?"

"இருக்கும்."

ஈரமண் குழைத்து விரலால் பூசினாள். நெற்றியில், மூக்கில் எல்லாம் கறுப்பு. நான் நின்று பார்த்தேன். பூசப் பூசக் கரிசல் மறுபடி காயும், மறுபடி வெடிக்கும், முன்னைவிட அகலமாக. மத்தியானம் எனக்கு நல்ல பசி. இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

9-1-62, செவ்வாய்

மேகமூட்டம். மழை வந்தால் காட்டில் நிற்கும் கொத்தமல்லிக்கு ஆகாது என்று எல்லோருக்கும் கவலை. வரவில்லை.

மாடிப்படியடியில் துணி மடிக்கும்போது மேலிருந்து வ.வின் குரல், சங்கரனிடம்:

"எங்க அம்மா போட்டா பாறையாட்டம் இருக்கும். எனக்குக் கை வரலை."

"அத்தைட்ட கேளேன்."

"கேக்க என்னமோ மாதிரி இருக்கு. அவிய ஒம்போது வருசமா செஞ்சத எனக்கு விட்டுக் குடுத்திருக்காவ."

விட்டுக் கொடுத்திருக்கிறேனாம். அப்போது கையில் இருந்தது சங்கரன் சட்டை. ஒழுங்காக மடித்து வைத்துவிட்டு அறைக்கு வந்தேன். வெட்கமா? கொஞ்சம். அதைவிட எரிச்சல். இவ்வளவு நல்ல பெண்ணாக இவள் ஏன் இருக்க வேண்டும்?

11-1-62, வியாழன்

இப்போது சொன்னாலும் புதிதாகப் போட்டுக் காய நாள் இல்லை. என்னிடம் இருக்கிறது என்று சொல்லலாம். ஏன் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டிவரும்.

வ. கட்டிகளுக்குச் சுண்ணாம்பு அடித்துக் காவிப்பட்டை போட்டிருக்கிறாள். வெடிப்பு வெளியே தெரியவில்லை. பயம் வந்துவிட்டது. நான் நினைத்தது, தூக்கும்போதே உடைந்துவிடும் என்று. கொதிக்கிற பானையோடு சரிந்தால்? அவள்தான் பக்கத்தில் நிற்பாள், வெறுங்காலோடு. கால் வெந்தால் ஆறும். தலைப்பொங்கலில் பானை சாய்ந்தவள் என்ற பேர் எந்த ஊரில் போய் ஆறும்?

மூன்று தரம் அவள் அறை வாசல்வரை போனேன். மூன்றாம் தரம் அவளே பார்த்துவிட்டாள்.

"என்ன பெரியத்தை?"

"ஒண்ணுமில்ல. தீப்பெட்டி இருக்கா?"

தீப்பெட்டிக்குப் பேர் போன ஊரில், என் அறையில் ஆறு பெட்டி.

13-1-62, சனி, போகி

வீடு மெழுகி முடித்தாயிற்று. வ.வின் அப்பாவும் அம்மாவும் மத்தியான ரயிலில் வந்தார்கள். அம்மா மெலிந்தவர், பேச்சுக்குப் பேச்சு சிரிப்பு. மகளுக்குச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. பித்தளைப் பானை பெரிது. நிறைந்தால் இரண்டு பேர் தூக்க வேண்டும்.

நான் ஞானம் வீட்டிலிருந்து கட்டிகளைச் சாக்குச் சுற்றிக் கொண்டுவந்து தொழுவத்தில் வைத்தேன். ஞானம் வண்டிவரை வந்தாள். "யாருக்கு எதிரா இந்தக் கட்டி, டீச்சர்?" என்றாள். சிரித்துக்கொண்டேதான்.

தீர்மானம்: காலையில் அடுப்புக் கூட்டும் முன்பே நானே எடுத்து வைத்துவிடுவது. உடையக் காத்திருக்கக் கூடாது.

14-1-62, ஞாயிறு, தை 1

காத்திருந்தேன்.

கோலம் போட்டு நிமிர்ந்தபோது சங்கரன் மாடியிலிருந்து கட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். "இரு" என்று சொல்ல அந்த நொடி போதும். சொல்லவில்லை. முதல் கட்டி முற்றத்துக்கு வந்துவிட்டது. இரண்டாவது மூன்றாம் படியில் அவன் கையிலேயே பிளந்தது. வெளியே வெள்ளை, உள்ளே கறுப்பு. முதலில் இறக்கி வைத்திருந்ததும் தானாக விரிந்தது.

ராஜம் மார்பில் கை வைத்தாள். "கெரகம் இப்பவே கூடிட்டு போல." வ.வின் அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டார். அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

தொழுவத்துக்குப் போய் என் கட்டிகளைக் கொண்டுவந்து வைத்தேன். பன்னிரண்டு நாளாக ஒத்திகை பார்த்த வாக்கியம்: "ஒருவேளைக்கு இருக்கட்டுமேன்னு செஞ்சு வச்சேன்."

தம்பி குனிந்து விரல் முட்டியால் ஒரு கட்டியைத் தட்டினான். கல்போல் சத்தம். உடைந்து கிடந்த கரிசலைப் பார்த்தான். மறுபடி என் கட்டியை. கரிசலில் பிறந்தவன், அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"இது காய பத்து நாளைக்கு மேல ஆயிருக்குமே. எப்பக்கா போட்ட?"

கட்டி சுற்றிவந்த சாக்கை மடிக்க ஆரம்பித்தேன்.

"நான்தான் மாமா போடச் சொன்னேன்." வ. "எனக்குக் கை பழகல, எதுக்கும் நீங்களும் ஒரு செட்டு போட்டு வைங்க பெரியத்தைன்னு கேட்டுக்கிட்டேன். அவியளுக்கு என்னைய விட்டுக் குடுக்க மனசு வரல, அதான் சொல்லல."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. அவள் அப்பா, "புத்திசாலிப் பொண்ணு" என்றார். அம்மா மறுபடி சிரித்தார். தம்பி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பால் கிழக்கே பொங்கியது. குலவை. வ. அரிசித் தாம்பாளத்தை என்னிடம் நீட்டினாள். "நீங்க போடுங்க பெரியத்தை. உங்க கட்டில்லா." மூன்று கை. விரும்பியது அப்படியே கிடைத்தது. எல்லோரும் என் கையைத்தான் பார்த்தார்கள். இன்று மட்டும் எங்கேயாவது ஒளித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பொங்கலைத் தொடாமலே இலையை மடக்கினேன்.

16-1-62, செவ்வாய்

விருந்தாளிகள் காலை ரயிலில் போனார்கள். வெயில். மாடியில் வடாம் காயப்போட நானும் அவளும் மட்டும்.

கேட்டுவிட்டேன். "எப்ப தெரியும்?"

நிமிரவில்லை. "வெடிச்ச அன்னைக்கே தொழுவத்துல மூட்டையப் பாத்தேன் பெரியத்தை. அதுக்கும் முன்னால உங்க சேலையில செம்மண்ணு இருந்துச்சு. இந்த ஊர்ல அது எங்கன இருந்து வரும்? வேற எங்கயோ கட்டி போட்டிருக்கீங்கன்னு விளங்கிட்டு."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க பொய் சொல்ல வேண்டியிருக்கும்லா."

வடாம் மாவு கையில் காய்ந்து இறுகியது. மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை. வகுப்பில் எத்தனை பெண்களை நிற்கவைத்துச் சொல்ல வைத்திருக்கிறேன். எனக்கு வரவில்லை.

"ஒரு மூட்டை மிச்சம் கிடக்கு," என்றேன். "செம்மண்ணு மூணு பங்கு, மணல் ஒரு பங்கு. உமி கைக்கணக்கு."

"சரி பெரியத்தை."

அவ்வளவுதான். மறுபடி குனிந்து பிழிய ஆரம்பித்துவிட்டாள்.

தம்பி மூன்று நாளாக என் அறைப் பக்கம் வரவில்லை. பேப்பர் வாசிக்கும் குரல் காலையில் கூடத்திலிருந்து கேட்கிறது. நல்ல உச்சரிப்பு.

சாயங்காலம் சங்கரன் மூன்று துண்டு பூவோடு வந்தான். எனக்குக் கிடைத்தது நீளத் துண்டு, மற்ற இரண்டையும்விட நீளம். யார் மாற்றி வைத்தது என்று கேட்க வேண்டியதில்லை. தலையில் வைக்காமல் மேஜைமேல் கிடக்கிறது. படிப்பு, வயசு, குரல், சிரிப்பு, இதற்கெல்லாம் பொறாமைப்பட்டுப் பழகிவிட்டது. இந்தக் குணத்துக்கு எப்படிப் பொறாமைப்படுவது என்றே தெரியவில்லை, வசந்தா.