யாதிராவை நான் திருப்பிக் கொடுக்க மாட்டேன்

கயாவோ, பெரு, பிப்ரவரி 9

அன்பு மகள் மரிசோலுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், என் முழங்கால் மட்டும்தான் சொன்ன பேச்சு கேட்பதில்லை. சாண்டியாகோவில் வெயில் கொளுத்துகிறதாமே, பிள்ளைக்கு நிறையத் தண்ணீர் கொடு. சங்கத்துக்காரர்களே போதும் என்ற பிறகும் அந்தப் பெண்ணோடு உனக்கு என்னம்மா வேலை என்று போனில் கோபித்துக்கொண்டாய். போனில் பதில் சொன்னால் சண்டையாகிவிடும், அதனால் எழுதுகிறேன். யாதிராவுக்குப் பதினைந்து வயது, படிப்பைப் பாதியில் விட்டவள். அவளுக்குத் துணையாக இருக்கச் சொல்லி இளைஞர் சங்கம்தான் என்னைச் சேர்த்துவிட்டது. புதன்கிழமை நாலு மணி, பந்து மைதானத்து பெஞ்சு. ஏழு வாரம் அவள் வரவே இல்லை. நான் போய் உட்கார்ந்து வறுத்த சோளத்தைத் தின்றுவிட்டுத் திரும்புவேன். சங்கத்தில் வேலை பார்க்கும் ஃபியோரெல்லா, இது ஒத்துவரவில்லை, முடித்துக்கொள்ளலாம், கையெழுத்துப் போடுங்கள் என்றாள். முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவள் நான், நிறுத்தத்தில் ஆள் இல்லையென்று ஒருநாளாவது பாதி வழியில் திரும்பியிருக்கிறேனா என்று கேட்டுவிட்டு, பேனாவை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

எட்டாவது வாரம் வந்தாள். ஏழு வாரமும் எதிர் மாடியிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாளாம். "உங்களுக்கு முன்னாடி மூணு பேர் வந்தாங்க, மூணு பேரும் போயிட்டாங்க. நீங்க எப்பக் கிளம்பறீங்க, அத்தை?" என்றாள். "நான் இங்கதான் இருப்பேன். நீ வந்தா பேசலாம், வராட்டி சோளம் முழுக்க எனக்கு" என்றேன். சிரிக்கவில்லை, ஆனால் கை நீட்டிச் சோளத்தை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நாலு மாதத்தில் நான் புத்தி ஒன்றும் சொல்லவில்லை, மரிசோல். அவள் வீட்டை, உலகத்தை, சில நாள் என்னையே திட்டுவாள், கேட்டுக்கொண்டிருப்பேன். உனக்கு என்ன வேண்டும் என்று அவளையே கேட்டேன், முடி வெட்டப் பழகணும் என்றாள். முதல் வெட்டு என் தலையில்தான். உன் அப்பா இரண்டு நாள் என்னை நிமிர்ந்து பார்க்காமலே சாப்பிட்டார்.

சங்கத்தின் கணக்கில் துணைக்கு ஆறு மாதம்தான். அது முடிந்தது, இனி சந்திக்கக் கூடாது என்கிறார்கள். அவர்கள் தந்த அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். யாதிராவைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன். அவள் அம்மாவிடமே நேராகப் போய்க் கேட்டேன், உங்களைத்தான் அவ நம்பறா, வந்துட்டுப் போங்க என்றாள். அதற்கு மேல் எந்த ஆபீஸ் அனுமதி எனக்கு வேண்டும்? போன வாரம் யாதிரா தரையைப் பார்த்துக்கொண்டே, பள்ளிக்கூடத்தில் மறுபடி சேரப் போகிறேன், கூட வருவீங்களா என்று கேட்டாள். யாரிடமும் எதையும் கேட்டறியாத பெண். திங்கட்கிழமை நானும் அவளும் அவள் அம்மாவும் போகிறோம். நீ இன்னும் பத்து தடவை கூப்பிட்டுத் திட்டினாலும் போகிறோம்.

கடவுள் உன்னையும் பிள்ளையையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும். பிள்ளைக்குத் தடுப்பூசித் தேதியை மறந்துவிடாதே.

எப்போதும் உன் அம்மா,
சோராய்தா