பின்மலர்ந்த வீடு

செப்டம்பர் 9, திங்கள்

பேய்களின் மாதம் ஒருவழியாக முடிந்தது. அந்த மாதத்தில் எங்கள் கன் தோ ஊரில் யாரும் வீடு வாங்கமாட்டார்கள். இன்று இரண்டு பேர் விசாரித்தார்கள். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமாகிறது, இன்னும் ஒன்றையும் விற்கவில்லை. வீட்டுத் தரகர்களை இங்கே கொக்கு என்பார்கள். “கொக்குன்னா நிக்கணும்டி,” என்கிறாள் எங்கள் அலுவலகத்தை நடத்தும் லொவான் அக்கா.

மாலையில் வீட்டுக்காரர் வந்தார். மகனுக்குக் கல்யாணமாம். ஜனவரி கடைசியில் வரும் தெத் புத்தாண்டுக்குள் நாங்கள் காலி செய்ய வேண்டும். அம்மா அவருக்கு ஒரு கிண்ணம் ஹு தியூ நூடுல்ஸ் சூப் கொடுத்து அனுப்பினாள். பிறகு தன் சூப் வண்டியை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள். இது எங்கள் ஐந்தாவது வாடகை வீடு.

செப்டம்பர் 14

அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஆறாம் அத்தை என்று கூப்பிடும் அம்மாள் தன் வீட்டை விற்றுத்தர என்னிடம் ஒப்படைத்தாள். கால்வாய்க்கும் சந்துக்கும் இடையே, இரண்டு பக்கமும் வாசல் உள்ள வீடு. மகளோடு இருக்க லாங் சுயென் போகிறாள். “பின்மலர்ந்த வீடு, தைரியமா எழுது,” என்றாள். முன்னால் குறுகி, பின்னால் அகன்ற வீட்டில் செல்வம் தங்கும். அப்படி ஒரு வீடென்றால் விலையே வேறு. எழுதிவிட்டேன்.

அளக்கவில்லை.

செப்டம்பர் 21

மருந்துக்கடை லாம் ஐயா முன்பணத்தோடு வந்தார். அளவு நாடாவோடும் வந்தார். சந்துப் பக்கம் ஐந்தேகால் மீட்டர். கால்வாய்ப் பக்கம் நாலரைகூட இல்லை.

“படிச்ச பொண்ணு மாதிரி இருக்க. வீட்டுக்கு முன்னால எது, பின்னால எதுன்னு தெரியாதா?”

முன்பணத்தைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். அவர் போன பிறகு அத்தையிடம் கேட்டேன் – கொஞ்சம் கோபமாகத்தான்.

“நான் கல்யாணமாகித் தோணியில வந்து எறங்கினது அந்தப் படியிலதான். வீட்டு மொகம் கால்வாயப் பாத்துதான் இருக்கு. இந்தச் சந்து நேத்து வந்தது.”

அவள் பொய் சொல்லவில்லை. அவரும்தான். ஊர் படகிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு மாறியபோது வீட்டின் முதுகு முகமாகிவிட்டது. இவ்வளவு புத்தகம் படித்து என்ன? ஒரு நாடா வாங்கிக்கொண்டு வீடு வந்தேன்.

செப்டம்பர் 22

விளம்பரத்தைத் திருத்தினேன்: சந்திலிருந்து பார்த்தால் பின் சுருங்கிய வீடு.

அக்டோபர் 19

இதுவரை ஆறு பேர் பார்த்துவிட்டார்கள். எல்லோரும் நேரே பின்பக்கம் போய், உதட்டைப் பிதுக்கிவிட்டுத் திரும்புகிறார்கள். மகளுக்குப் பிரசவம் நெருங்குவதால் அத்தை தானாகவே விலையைக் குறைத்துவிட்டாள். நாங்கள் பார்த்த வாடகை வீடுகளில் அம்மாவின் சூப் வண்டியை நிறுத்த இடமில்லை.

அக்டோபர் 27

அம்மாவை அத்தை வீட்டுக்கு அழைத்துப்போனேன். கால்வாய்ப் படியில் உட்கார்ந்து படகுக்காரியிடம் பூசணிக்காய்க்குப் பேரம் பேச ஆரம்பித்துவிட்டாள், பல வருடம் அங்கேயே இருந்தவள்போல.

நாம் ஏன் வாங்கக்கூடாது?

உடனே ஒரு பயம் – வாங்கும் ஆசையில்தான் விற்காமல் விட்டேனா? இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். விலை குறைந்தது முன்பே. ஆசை வந்தது இன்று. நல்லவேளை, தேதி போட்டு எழுதும் பழக்கம் இருக்கிறது.

அக்டோபர் 28

லொவான் அக்கா, வாங்கிவைத்துச் சந்து அகலமானதும் தள்ளிவிடு, முதலீடு என்றால் அதுதான் என்றாள். இருப்பதற்கு என்றேன். என்னைப் புரியாத கணக்குபோலப் பார்த்தாள்; ஆனாலும் வங்கியில் தனக்குத் தெரிந்தவரிடம் அப்போதே பேசினாள்.

அத்தையிடம், வாங்கப்போவது நான்தான், தரகு வேண்டாம், வேறு தரகரிடம் விலை கேட்டுவிட்டு முடிவு சொல்லுங்கள் என்றேன். அவள் வெற்றிலையை மென்றுகொண்டே சிரித்தாள்.

“கொக்கே கூடு கட்டுதா? கட்டட்டும். சொன்ன வெலதான், குறைக்கமாட்டேன்.”

நவம்பர் 15

பத்திரம் முடிந்தது. அம்மாவின் தங்க மோதிரங்கள், என் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். மாடி அறைக்குச் செவிலியர் படிப்பு மாணவி ஒருத்தி குடிவருகிறாள். தவணையில் பாதி அவள் தரும் வாடகையிலேயே அடைந்துவிடும்.

லாம் ஐயாவுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். அன்று அவர் அளக்காமல் வாங்கியிருந்தால்?

ஜனவரி 6, திங்கள்

குடியிருப்பைப் பதிய அம்மாவோடு வார்டு அலுவலகம் போனேன். இத்தனை வருடமும் முகவரி கேட்டால் அம்மா என் முகத்தைத்தான் பார்ப்பாள். இருக்கும் வீட்டின் எண்ணைக்கூட மனதில் வைத்துக்கொள்ளமாட்டாள். இன்று எழுத்தர் கேட்டதும் நான் பத்திரத்தை எடுக்கப் பையைத் திறந்தேன். அதற்குள் அம்மா கதவு எண், சந்து எண், வார்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

எழுத்தர் நிமிர்ந்தார்.

“மெதுவாச் சொல்லுங்கம்மா, எழுத வேண்டாமா?”