உன் துடுப்பு என் காலுக்குப் பொருந்தவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் உன் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கல்வராயன் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்திருக்கிறார். மடியில் ஒரு யூரியா சாக்கு. அவர் சாக்கின் வாயை அவிழ்த்ததுமே ரப்பர் வாசனையும் காய்ந்த கடலுப்பின் வாசனையும் சேர்ந்து வந்தன. உள்ளே உன் ஃபின்கள் இருந்தன. ஆழ்நீச்சலுக்காகக் காலில் மாட்டிக்கொள்ள நீ பார்த்துப் பார்த்து வாங்கிய அந்த நீலத் துடுப்புகள்.

"வூட்ல சும்மா கெடக்குதும்மா. நீங்களே போட்டுக்கங்க. அவளுக்கும் அதான் புடிக்கும்" என்றார். வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் எங்கே தொடங்கியது என்று உனக்கு நினைவிருக்கும். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் நாம் இருவரும் அவசரப் பிரிவு நர்சுகள். ஒரு மத்தியானம் சங்கராபுரம் பக்கத்திலிருந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மோட்டார் பார்க்கக் கிணற்றில் இறங்கியவர் வழுக்கி விழுந்துவிட்டார். தண்ணீர் நிறைய இருந்ததால் அடிவரை போய்த் தேட ஊரில் யாராலும் முடியவில்லை. நம் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. அவர் மனைவி உன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது நீ சொன்னாய்: "நாம கத்துக்கினா இன்னாடி?"

விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். மறுநாள் டியூட்டிக்கு வரும்போது புதுச்சேரியில் ஆழ்நீச்சல் சொல்லிக்கொடுக்கும் இடத்தை விசாரித்துவிட்டு வந்து நின்றாய். நீ மலை ஓடையில் நீந்தியவள். நான் வடக்கனந்தலில் எங்கள் கிணற்றில் நீந்தியவள். அது போதும் என்றாய்.

போதவில்லை, எனக்கு. பயிற்சிக் குளத்தில் அவர்கள் கொடுத்த ஃபின்கள் நீளமாக, பலகை மாதிரி விறைப்பாக இருந்தன. குதிகால் பக்கம் தொளதொளவென்று ஆடியது. கழன்றுவிடாமல் இருக்கப் பாதத்தை இறுக்கி வளைத்தபடியே உதைத்தேன். பாதிக் குளம் தாண்டுவதற்குள் கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது. தண்ணீரைக் குடித்து, கயிற்றைப் பிடித்து, மேலே ஏறிவிட்டேன்.

"பயம்தான் மேடம். போகப் போகச் சரியாயிடும்" என்றார் பயிற்சியாளர், அன்பாகத்தான்.

திரும்பும் பஸ்ஸில் இனி வரமாட்டேன் என்று சொன்னேன். நீ என் காலை உன் மடியில் தூக்கி வைத்து அமுக்கிவிட்டபடி கேட்டாய். "மொதல்ல இன்னா ஆச்சு? நெஞ்சு படபடன்னு அடிச்சுதா, இல்ல கால் இழுத்துச்சா?"

"கால்தான்."

"அப்போ இது பயம் இல்லடி. ஃபின்னு சரியில்ல. நீ எதுக்குப் பயந்தவன்னு பேர் வாங்கிக்கினு போற?"

விழுப்புரம் வருவதற்குள் நான் மறுபடி வருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன்.

உன் துடுப்பை வாங்கப் போனோமே, அந்தக் கடைக்காரர் உன்னை மறக்கவே மாட்டார். வெறுங்காலோடு மலையேறி வளர்ந்த உன் அகலப் பாதத்துக்குப் பெண்களுக்கான எந்த அளவும் சேரவில்லை. நீ தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாய். விரல் உள்ளே அசைய வேண்டும், காலைத் தூக்கி உதறினால் குதிகால் நழுவக் கூடாது. அவர் நீளமான ஜோடி ஒன்றைக் கொண்டுவந்து, "இதுல வேகம் ஜாஸ்திங்க" என்றார்.

"வேகமாப் போய் எங்கங்க முட்டறது? எங்க ஊரு கெணத்துல திரும்பறதுக்கு எடம் வேணுமே" என்றாய் நீ.

சிரித்துவிட்டுக் குட்டையான, அகலமான ஜோடியை எடுத்து வந்தார். அடியில் கல் குத்தும் என்று ரப்பர் பூட்ஸ் போட்டு, அதன்மேல் மாட்டிப் பின்னால் பட்டையை இழுத்துக்கொள்ளும் வகையாகவே கேட்டு வாங்கினாய். எங்கள் கிணற்றில் அதை நீ சோதித்தபோது என் சித்தி எட்டிப் பார்த்து, "இன்னாடி இது, கால்ல மொறத்தக் கட்டிக்கினு குதிக்கிறீங்க?" என்றாள். நீ சிரித்ததில் புரையேறிவிட்டது. ஆனால் சுவரில் எங்கும் இடிக்காமல் ஒரே வீச்சில் திரும்பிக் காட்டினாய்.

எனக்கானதை அடுத்த மாதம் வாங்குவதாக இருந்தோம். அதற்குள் நீ காய்ச்சலில் படுத்தாய். நாம் வேலை பார்த்த அதே வார்டில் உனக்கு நானே ஊசி போட்டேன். எல்லாரும் எவ்வளவோ பார்த்தோம். பேச்சு இருந்த கடைசி நாளில், "நீ வாங்கிடு. எனக்காகக் காத்துக்கினு இருக்காத" என்றாய். நான் காத்திருந்தேன். எதற்கென்று தெரியாமல், ஒரு மழைக்காலம் முழுக்க.

ஞாயிறு மதியம், உன் அண்ணன் மேட்டில் நிற்க, உன் ஃபின்களோடு கிணற்றில் இறங்கினேன். அவை எனக்குப் பொருந்த வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா? பட்டையைக் கடைசிவரை இழுத்தேன். என் ஒல்லிப் பாதம் உள்ளே வழுக்கியது. மேலே வந்து தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு மறுபடி இறங்கினேன். அப்போதும் கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது. படியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அண்ணா, இது எனக்கு ஆவாது. போட்டுக்கினு ஆழத்துல எறங்கினா எனக்கே ஆபத்து" என்றேன்.

அவர் துண்டால் அவற்றை நிதானமாகத் துடைத்தார். "அவ இருந்திருந்தா இத உங்கள போடவே வுட்டிருக்க மாட்டா" என்றார். பிறகு சாக்கில் வைத்துக் கட்டினார். "நான் எடுத்துக்கினு போறேன். உங்களுக்கு ஏத்தத நீங்க வாங்குங்கம்மா."

மறுநாளே புதுச்சேரிக்குப் போனேன். அதே கடை. "கூட வருவாங்களே, அவங்க?" என்று கேட்டார் கடைக்காரர். சொன்னேன். அதற்குமேல் அவர் எதையும் சிபாரிசு செய்யவில்லை. பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். மத்தியானம் வரை போட்டுக் கழற்றினேன். கடைசியில் கிடைத்தது குறுகலான, குட்டையான, கொஞ்சம் வளைந்து கொடுக்கும் ஜோடி. அசிங்கமான மஞ்சள் நிறம். நீ பார்த்தால் கேலி செய்வாய். காலை உதறினேன், நழுவவில்லை.

இன்று காலை புதுச்சேரியில் பயிற்சியாளரோடு படகில் போய்க் கடலில் இறங்கினேன். தண்ணீர் கலங்கலாக இருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது உண்மை. இடுப்பிலிருந்து மெதுவாக உதைத்தேன். கால் சொன்ன பேச்சைக் கேட்டது. மணலைக் கையால் தொட்டுவிட்டுத்தான் திரும்பினேன்.

மேலே வந்ததும் மீட்புப் பயிற்சியிலும் சேர்கிறேன் என்றேன். "அது கஷ்டம் மேடம். ஒண்ணுமே தெரியாத தண்ணியில தடவித் தேடணும்" என்றார் பயிற்சியாளர்.

"எங்க ஊருத் தண்ணி அப்படித்தான் சார் இருக்கும்" என்றேன். சேர்த்துக்கொண்டார்.

உன்னிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பிடிவாதம் ஒன்றைத்தான். பயிற்சி முடியக் கொஞ்ச காலம் ஆகும். எந்தக் கிணற்றிலிருந்தும் யாரும் கூப்பிடும்படி ஆகக் கூடாது என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். கூப்பிட்டால், இறங்குவேன்.