சிலை என்று நான் சொன்ன தொட்டி

கல்தச்சரே, மாடு தண்ணீர் குடிப்பதற்கென்று நீங்கள் வெட்டிய தொட்டியிலிருந்து இன்று மாட்டை விரட்டுகிறார்கள். இதுதான் நடந்த அநியாயம். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நேற்று சந்தைக்கு வண்டி ஓட்டிப் போனேன். ஈரக் கல்லும் சாணமும் மணக்க வேண்டிய இடத்தில் எண்ணெய்ப் புகை வாடை அடித்தது. கிட்டப் போனால் தொட்டியைச் சுற்றி மூங்கில் வேலி. உள்ளே, தொட்டிச் சுவரில் நீங்கள் கொத்திய கன்றுக்குட்டியின் நெற்றியில் குங்குமம், தலையில் அரளிப்பூ, பக்கத்தில் எண்ணெய் விளக்கு. தொட்டியில் ஒரு சாண் தண்ணீர்கூட இல்லை. திருச்செங்கோட்டிலிருந்து சித்திரை வெயிலில் மூட்டை இழுத்து வந்த என் செவலைக் காளை, வேலியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது.

மேட்டூர் அணை வேலை முடிந்து, உளியும் சுத்தியலுமாக நீங்கள் எங்கள் சந்தைக்கு வந்து சேர்ந்தது நினைவுக்கு வருகிறது. வண்டிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு தொட்டி கேட்டோம். சந்தைக்குப் பின்னால் கிடந்த பாறையைத் தட்டிப் பார்த்தீர்கள். காதை வைத்துக் கேட்டீர்கள். “இதுக்குள்ள தொட்டி இருக்குதுங்க” என்றீர்கள்.

செவ்வாய்ப்பேட்டைக்கு மூட்டை கொண்டு போகிற வழியில் உங்களைப் பார்ப்பேன். திரும்பும் வழியிலும் பார்ப்பேன். போகும்போது பாறையாக இருந்தது வரும்போது கொஞ்சம் குழிந்திருக்கும். விடியற்காலைப் பனியில், கல்தூள் படிந்து வெள்ளையாகி, நீங்களும் அந்தப் பாறையில் பாதி வெளியே வந்தவர் போல உட்கார்ந்திருப்பீர்கள். மாடு தானாக நடக்க, நான் அரைத்தூக்கத்தில் வண்டியில் கிடப்பேன். உளிச் சத்தம் முதலில் கனவுக்குள்தான் கேட்கும். பிறகுதான் ஊர் வரும்.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. கடைகளில் சாமான் கட்டித் தந்த காகிதத்தைப் பிரித்துப் பிரித்து எழுத்துப் படித்தவன். ஒரு நாள் வெல்லம் கட்டி வந்த தாளில் ‘சிற்பம்’ என்ற சொல் இருந்தது. அதை உங்களிடம் கொண்டுவந்து காட்டினேன்.

“சிற்பம்னா நுணுக்கமான வேலைங்க” என்றேன்.

“அப்படீன்னா, எங்கூட்டுக்காரி அரிசியில கல்லுப் பொறுக்கறதும் சிற்பந்தானுங்களா?” என்று கேட்டீர்கள்.

அன்று எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அதுவும் சரிதானோ என்று படுகிறது. வேண்டாத கல்லை எடுத்துப் போடுவதுதானே இரண்டும்.

எங்கள் பக்கம் ‘செலை’ என்கிற சொல்லுக்கு மூன்றே உபயோகம். வேலை செய்யாமல் நிற்பவனைப் பார்த்து, “செலையாட்ட நிக்காதடா, தண்ணியச் சேந்து” என்பார்கள். மணப்பெண்ணைப் பார்த்து, “புள்ள செலையாட்ட இருக்குது” என்பார்கள். மூன்றாவது, கோயிலுக்குள் இருப்பது. தொட்டிக்குள் இருப்பதற்கு அந்தச் சொல்லில் இடமில்லை. காகிதத்தில் இருப்பதை எல்லாம் நம்பிய எனக்கு அது தெரியாமல் போயிற்று.

தொட்டியின் உள்சுவரில் அந்தக் கன்றின் முகத்தையும் கழுத்தையும் நீங்கள் விளையாட்டுக்காக வெட்டவில்லை. தொட்டி நிறைந்தால் கன்றின் வாய் தண்ணீரில் முட்டும். குறைந்தால் வாய் காய்ந்து வெளியே தெரியும். யார் பார்த்தாலும் சேந்தி ஊற்ற வேண்டியதுதான். முதன்முதலாகத் தண்ணீர் நிரப்பிய அன்று, அலை அடங்காமல் ஆட ஆட, அந்தக் கல் கழுத்து மிடறு மிடறாக விழுங்குவதைப் பார்த்தேன். மேலே இருந்த வானம் முழுவதையும் அது குடித்துக்கொண்டிருந்தது.

பொரி விற்கும் அம்மாள் எட்டிப் பார்த்து, “ஐயோ, கன்னுக்குட்டி தொட்டியில உளுந்துபோச்சுங்களே!” என்றாள்.

“உளுவலீங்க. தண்ணி கொறஞ்சா அது உங்களக் கூப்புடும்” என்றீர்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு பெரிய வேலையைப் பார்த்துச் சிரிப்பதா? வண்டிமேல் ஏறி நின்று, “சிரிக்காதீங்க! இது தொட்டியில்ல, சிலை!” என்று கத்தினேன்.

நீங்கள் என் துண்டைப் பிடித்து இழுத்தீர்கள். “ஏனுங்க, அந்தப் பேரு வேண்டாமுங்க. பேரு வெச்சா, அப்பறம் அந்தப் பேருக்குத் தகுந்தாப்புல நடத்தோணும்பாங்க.”

அடுத்த சந்தையிலேயே கன்றின் நெற்றியில் ஒரு பொட்டு இருந்தது. நீங்கள் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினீர்கள். அதற்கடுத்த வாரமும் பொட்டு; கழுவினீர்கள். வருஷக்கணக்காக, சந்தைக்கு வருகிறவர்கள் வைப்பதும் நீங்கள் கழுவுவதுமாக நடந்தது. போன ஐப்பசியில் காய்ச்சலில் நீங்கள் போய்விட்டீர்கள். கழுவ ஆளில்லை.

நேற்று சந்தைக் குத்தகைக்காரரிடம் சண்டைக்குப் போனேன்.

“சாமி இருக்கற தொட்டியில மாடு வாய் வெக்கலாமுங்களா?” என்றார்.

“அது சாமியில்லீங்க, கன்னுக்குட்டி.”

“நல்லாயிருக்குதுங்க! அன்னிக்கு வண்டிமேல நின்னு செலைன்னு சொன்னது நீங்கதானுங்களே?”

காளையை ஓட்டிக்கொண்டு ஏரி வரைக்கும் நடந்தேன். அங்கே சேறுதான் இருந்தது. அது சேற்றை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது.

நான் சொன்னது பொய்யில்லை. அது சிலைதான், யார் வந்து கேட்டாலும் என் மனசுக்குள் அப்படித்தான் இருக்கும், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் உங்கள் தொட்டியைக் காய வைத்தது என் வாயிலிருந்து வந்த சொல். அதையும் சேர்த்துத்தான் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

வருகிற சந்தையில் ஆக வேண்டியவை இருக்கின்றன. வேலியைக் குத்தகைக்காரரே பிடுங்க வேண்டும், நட்டவர் அவர். பூவையும் விளக்கையும் வைத்தவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். கன்றின் நெற்றியை உங்கள் வீட்டம்மா கழுவுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது. தண்ணீரை, சந்தைக்கு முதலில் வந்து சேரும் வண்டிக்காரன் சேந்தி நிரப்ப வேண்டும், அவன் யாராக இருந்தாலும் சரி. அதன்பின் சந்தை கூடியிருக்கிற நேரத்தில், எல்லோர் காதிலும் விழும்படி, “இது தொட்டிங்க, மாட்டை விடுங்க” என்று சொல்ல வேண்டும். அதை நான்தான் சொல்ல வேண்டும்.