உன் சிம் என் போனில்

மருமகள் எனக்குப் புதுப் போன் வாங்கி வந்திருக்கிறாள். பழையதன் கண்ணாடி உடைந்து விரலைக் கிழிக்கிறது என்று நான் புலம்பியது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். பழைய போனின் பக்கத்தில் இருந்த ஓட்டையில் அவள் ஊசியைக் குத்தியதும் சின்னத் தட்டு ஒன்று வெளியே வந்தது. அதில் இரண்டு சிம். ஒன்று என்னுடையது. இன்னொன்று உன்னுடையது.

உன்னுடையதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். நகத்தளவு கூட இல்லை.

"இது யாரு நம்பரு அத்தே? இதுல நீங்க பேசுறதே இல்லையே. கேன்சல் பண்ணிடலாம்லா."

"அது என் கூட்டாளி நம்பரு. அதுல கைய வெச்ச, கைய ஒடச்சிடுவேன்," என்றேன். அவள் சிரித்தாள். இந்த வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, ஆனாலும் என் வாயைப் பற்றி அவளுக்குத் தெரிந்துவிட்டது. உன்னைத்தான் தெரியாது. அவளுக்கு முதலிலிருந்து கதை சொல்வதைவிட உனக்கு எழுதுவது எளிது. நீ போன பிறகு நடந்ததை உனக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

லுக்குட் பக்கத்து எஸ்டேட்டில் நாம் இருவரும் ஜோடியாகத்தான் வேலை செய்தோம். ஆண்கள் செம்பனைக் குலையை வெட்டிச் சாய்த்துக்கொண்டே போவார்கள். உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் போடுவது நம் வேலை. உன் கழுத்தில் சிலுவையோடு ஒரு பிளாஸ்டிக் பையும் தொங்கும். அதற்குள் அந்தப் பட்டன் போன். நீ குனிகிறபோதெல்லாம் அது வந்து உன் மூக்கில் இடிக்கும். "கழட்டி மோட்டார் சைக்கிள்ல வெச்சிட்டு வாடி," என்று நான் கத்துவேன். நீ காதில் வாங்கியதே இல்லை.

எல்லாம் அருளுக்காக. உன் ஒரே மகன். சிரம்பானில் வேலை கிடைத்து தினமும் மோட்டாரில் போய் வந்தபோது, வேலை இடத்துக்குப் போனதும் உன் போனுக்கு ஒரே ஒரு ரிங் விட்டுக் கட் பண்ண வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாய். எடுக்கக் கூடாது, பேசக் கூடாது. ஒரு ரிங் என்றால் பத்திரமாக வந்துவிட்டேன் என்று அர்த்தம். வரிசை வீடுகளாக இருந்த நம் லயத்தில் பிள்ளைகளை வெளியே அனுப்பிய எல்லா வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. அந்த ரிங் வரும் வரைக்கும் உன் சாக்கில் பாதிப் பழம் நான் பொறுக்கியதுதான்.

அப்புறம் அவன் சிரம்பானுக்குப் பக்கத்தில் அம்பாங்கானில் வீடு பார்த்தான். உன்னையும் கூட்டிக்கொண்டு போக வந்தான். புருஷனைப் புதைத்த இடத்தை விட்டு வர மாட்டேன் என்று நீ பிடிவாதம் பிடித்தாய். நானும் பக்கத்தில்தான் நின்றேன். "அப்ப செத்தவங்களோடயே இருந்துக்க," என்று சொல்லிவிட்டு மோட்டாரை எடுத்தான். அந்த வார்த்தை உன்னை விட என்னைத்தான் அதிகம் சுட்டது. கொஞ்ச நாளில் சிங்கப்பூருக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டோம். அவன் புது நம்பர் நம்மில் யாருக்கும் தெரியாது.

பல மாதம் கழித்து, செம்பனை நிழலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது உன் போன் அடித்தது. ஒரே ஒரு ரிங். சிங்கப்பூர் நம்பர். நீ அதைப் பார்த்தாய், சிரித்தாய், உடனே அழித்துவிட்டாய்.

"அவன்தான். நல்லா இருக்கேன்னு சொல்றான்."

"அடிப்பாவி, திருப்பிக் கூப்பிடேன்!"

"வேணாம் பாக்கியம். ஒரு ரிங்குன்னா பேச்சு இல்ல. நான் கூப்பிடப்போயி, இதையும் அவன் நிறுத்திட்டா?"

"அப்ப நம்பர ஏன் அழிச்ச?"

"வெச்சிருந்தா என் கை சும்மா இருக்காதுலா."

அதற்குப் பிறகு உன் பிறந்தநாளுக்கும் கிறிஸ்மஸுக்கும் அந்த ரிங் வரும். வந்ததும் அழிப்பாய். அன்றைக்கு முழுக்க யார் திட்டினாலும் சிரித்துக்கொண்டே இருப்பாய், நம்மை வேலை வாங்கும் மண்டோர் திட்டினால் கூட.

மலிவு என்று எல்லாரும் வேறு நம்பருக்கு மாறினார்கள், நானும் மாறினேன். நீ மட்டும் அசையவில்லை. ஒரு நாள் உன் போன் கால்வாயில் விழுந்தபோது நீ அழுத அழுகையைப் பார்த்து, ஆள்தான் விழுந்துவிட்டதோ என்று ஓடி வந்தேன். லுக்குட்டில் போன் கடை வைத்திருக்கும் பாய்தான் சிம்மைக் கழற்றித் துடைத்து வேறு போனில் போட்டுக் காட்டினார். அதே நம்பர் அடித்தது. போன் வெறும் பெட்டிதான், நம்பர் இந்தத் துண்டில் இருக்கிறது, இதை வைத்துத்தான் லைன் உங்களை அடையாளம் கண்டுபிடிக்கிறது என்று சொன்னார். வரும் வழியில் மோட்டார் பின்னால் உட்கார்ந்துகொண்டு என் காதில் சொன்னாய்:

"பாத்தியா, போனு நமக்கு. சிம்மு நம்மள தேடுறவங்களுக்கு."

அது எவ்வளவு பெரிய பேச்சு என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. முதுகில் குத்தாமல் உட்காருடி என்றுதான் சொன்னேன்.

நீ திடீரென்று போய்விட்டாய். நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அருளுக்குச் சொல்ல ஒரு வழியும் இல்லை. உன் போனை எடுத்துப் பார்த்தேன், எல்லாம் அழித்து வைத்திருந்தாய். உனக்குப் பிடித்ததையெல்லாம் வழக்கப்படி பெட்டிக்குள் வைத்தார்கள். ஜெபமாலை, மூக்குக் கண்ணாடி, வெற்றிலைப் பை. கடைசியில் உன் தங்கை அந்தப் போனையும் உன் கையருகில் வைத்தாள். "இது இல்லாம அக்கா இருந்ததே இல்ல," என்று சொல்லி அழுதாள். எல்லாரும் அழுதார்கள், நானும்தான். மூடியைத் தூக்கினார்கள். அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அருள் ரிங் விட்டால் அது மண்ணுக்குள்ளே போய் அல்லவா அடிக்கும்? சார்ஜ் தீர்ந்தால் அதுவும் அடிக்காது.

"நிறுத்துங்கலா!" என்று கத்தினேன். பாதிரியார் ஜெபத்தைப் பாதியில் விட்டார். நான் பெட்டிக்குள் கையை விட்டுப் போனை எடுத்து, பின்மூடியைத் திறந்து, பேட்டரியைக் கழற்றி, சிம்மை உருவினேன். செத்தவளின் பொருளில் ஆசையைப் பார் என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. போனைத் திரும்ப உன் கையருகில் வைத்தேன். "போனு அவளோட போகட்டும். இது அவ மகனுக்கு," என்றேன். பாதிரியார் விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தார்.

பாய் அதை என் போனுக்குத் தக்கபடி கத்தரித்து இரண்டாவது இடத்தில் போட்டுக் கொடுத்தார். நம்பர் செத்துப்போகாமல் இருக்க மறக்காமல் டாப் அப் போட்டேன். உன் பிறந்தநாள் வந்தது. ரிங் வரவில்லை. அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டதா, இல்லை மறந்துவிட்டானா என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ இத்தனை வருஷம் இதை எப்படித் தாங்கினாய் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கிறிஸ்மஸ் காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். உன் நம்பர் அடித்தது. ஒரே ஒரு ரிங்.

நான் நீ இல்லையே. என் கை எப்போது சும்மா இருந்திருக்கிறது? உன் நம்பரிலிருந்தே உடனே திருப்பிக் கூப்பிட்டேன்.

"அம்மா!" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள், "எத்தன வருஷம்மா... நீ திருப்பிக் கூப்பிடுவேன்னு ஒவ்வொரு தடவையும் போனயே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேம்மா," என்றான்.

கல்லில் தோசை கருகிக்கொண்டிருந்தது. "அருளு, நான் பாக்கியம் சின்னம்மா," என்றேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். உன் பிறந்தநாள் சமயத்தில் அவன் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான், அதனால்தான் ரிங் இல்லை. வெகுநேரம் அழுதான். அப்புறம் கேட்டான்:

"ரிங் விடுறது நான்தான்னு அம்மாவுக்குத் தெரியுமா சின்னம்மா? கோவத்துல கண்டுக்காம இருக்காங்கன்னு நெனச்சேன்."

"தெரியாமயாடா? ஒவ்வொரு ரிங்குக்கும் அவ சிரிச்ச சிரிப்ப நான் பாத்திருக்கேன்," என்றேன். கை சும்மா இருக்காது என்று நம்பரை அழித்ததையும் சொன்னேன். அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டான். உன் சிரிப்பேதான். என் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் அந்த நிமிஷம் உருண்டு போனது. நீங்கள் இருவருமே ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தீர்கள் என்பது வருத்தம்தான். ஆனால் கோபம் ஒரு பக்கமும் இல்லை என்று அவன் தெரிந்துகொண்டானே, எனக்கு அது போதும்.

இப்போது வசதிப்படும் போதெல்லாம் வருகிறான். உன் புருஷனுக்குப் பக்கத்தில் நீ படுத்திருக்கும் இடத்தைக் கழுவி, பூப் போட்டு, என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகிறான். சிம்மை அவனிடமே கொடுக்கப் பார்த்தேன். "உங்ககிட்டயே இருக்கட்டும் சின்னம்மா. நான் சிங்கப்பூரு போயி சேந்தா, வேற யாருக்கு ரிங் விடுறது?" என்றான்.

இன்று காலையில்தான் பஸ் ஏறினான். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மருமகள் இரண்டு சிம்மையும் புதுப் போனில் போட்டு மேசையில் வைத்தாள். வைத்த கொஞ்ச நேரத்தில் அது அடித்தது. ஒரே ஒரு ரிங்.

"அய்யோ அத்தே, கட்டாயிடுச்சி! புதுப் போனுல ஏதோ கோளாறு போல."

"கோளாறும் இல்ல ஒண்ணும் இல்ல," என்றேன். "பையன் பத்திரமா போய்ச் சேந்துட்டான்."